ஒயில் அறிக்கை வந்துவிட்டது: மாற்றுவதா, குறைப்பதா, பிரிப்பதா?

மோட்டார் சைக்கிளின் பழைய ஒயிலை ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதிப்பது வன்னியில் இன்னும் பரவலான பழக்கம் இல்லை. கொழும்புப் பக்கம் அனுப்ப வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசில் சில தடவை புது ஒயிலே ஊற்றிவிடலாம். இருந்தாலும் நாள் முழுக்க வேலைக்காக ஓடுகிறவர்கள், விலை கூடிய பைக் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பி மூலம் ஒருமுறை செய்து பார்த்தவர்கள் என்று கொஞ்சப் பேரிடம் இப்போது அந்தத் தாள் இருக்கிறது. ஒயிலில் கலந்திருக்கும் உலோகம், மண், எரிபொருள் எவ்வளவு என்று அதில் வரிசையாக எண்கள், கீழே "இரும்பு அதிகம், கவனிக்கவும்" என்று ஒரு வரி. கராஜுக்குக் கொண்டுபோனால், "உந்தப் பேப்பரை விடு தம்பி, புகை வருதோ, சத்தம் வருதோ, அதைச் சொல்லு" என்பார் மெக்கானிக். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடிய முடிவுகள் ஐந்துதான். ஒயிலை மாற்றிவிட்டு அடுத்த மாதிரிக்குக் காத்திருக்கலாம். எயார் பில்டர் பக்கத்தைச் சரிபார்க்கலாம். ஒயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்கலாம். ஒயிலின் வகையை மாற்றலாம். இல்லையென்றால் எஞ்சினைப் பிரிக்கலாம். எது எப்போது சரி என்பதுதான் கேள்வி.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, செய்யப்போகும் வேலை காரணத்தைத் தொடுகிறதா, இல்லை தாளில் உள்ள எண்ணை மட்டும் குறைத்துக் காட்டுமா என்பது. இரண்டாவது காசு, பில்லில் வராத காசும் சேர்த்து. மூன்றாவது, பைக் எத்தனை நாள் நிற்கும் என்பது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ளே இருக்கிற ஒருவருக்கு பைக் நின்றால் வேலையும் நிற்கும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் நிற்கும். நான்காவது, முடிவு பிழைத்தால் திரும்பி வர முடியுமா என்பது. ஒயில் மாற்றியது பிழை என்றால் நட்டம் ஒரு லீற்றர். ஹெட்டைக் கழற்றியது பிழை என்றால் கதை வேறு.

எண்களைப் படிக்கும் முன்

அறிக்கையில் போட்டிருக்கும் எல்லைகள் பெரும்பாலும் கார், லொறி, ஜெனரேற்றர் எஞ்சின்களை மனதில் வைத்தவை. காரில் நான்கு லீற்றர் அளவில் ஒயில் இருக்கும். சிடி100, ஸ்பிளெண்டர் மாதிரியான பைக்கில் ஒரு லீற்றர் அளவுதான். அதே அளவு இரும்புத்தூள் விழுந்தாலும் பைக் ஒயிலில் பிபிஎம் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) நான்கு மடங்காகத் தெரியும். போதாக்குறைக்கு கியரும் கிளச்சும் அதே ஒயிலில்தான் சுழல்கின்றன, அவற்றின் தேய்மானமும் அதே கணக்கில் ஏறும். ஒரு லீற்றர் ஒயிலின் நிறை ஏறத்தாழ 870 கிராம். அதில் 50 பிபிஎம் இரும்பு என்றால் மொத்தம் 43 மில்லிகிராம் அளவு. "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிலோமீற்றர். 3,000 கிலோமீற்றர் ஓடிய ஒயிலில் 60 பிபிஎம் இரும்பும், 1,000 ஓடிய ஒயிலில் 40 பிபிஎம் இரும்பும் இருந்தால் இரண்டாவதுதான் மோசம். ஆயிரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் இரண்டு தாள்களை ஒப்பிடுவதில் பயனில்லை. இடையில் அரை லீற்றர் ஊற்றி நிரப்பியிருந்தால் எண் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும், அதையும் மறக்கக்கூடாது.

மெக்கானிக் சொன்ன பாதி நியாயம் எங்கே என்றால், ஆய்வுகூடங்கள் வழமையாகச் செய்யும் உலோகச் சோதனை ஐந்து, பத்து மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட நுண்துகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். பெயரிங் உதிர்ந்து விழும் செதில் அதைவிடப் பெரியது, எண்ணில் வராமலே போகலாம். தாள் சுத்தமாக இருக்க, ஒயில் கழற்றும் போல்ட்டில் மினுங்கும் செதில் ஒட்டியிருந்தால் நான் போல்ட்டைத்தான் நம்புவேன். ஸ்பிளெண்டர் மாதிரிப் பழைய ஹொண்டா வழி வந்த எஞ்சின்களில் காகித ஒயில் பில்டர் இல்லை. சுழலும் கிண்ணமும் ஒரு வலையும்தான் பில்டர் வேலையைச் செய்கின்றன. அந்த வலையைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பார்ப்பதற்கு எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை.

1. மாற்றிவிட்டுக் காத்திருப்பது

இது முதல் அறிக்கைக்கான முடிவு. ஒரேயொரு தாளில் போக்கு தெரியாது. மூன்று தாள் சேர்ந்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லலாம். புது பைக்கின் முதல் ஒயில்களிலும், ரிங் அல்லது பிஸ்டன் மாற்றிய பிறகு வரும் ஒயில்களிலும் இரும்பும் அலுமினியமும் கூடத்தான் இருக்கும். பாகங்கள் ஒன்றோடொன்று பதிகிற காலம் அது.

மறைந்திருக்கும் செலவு இரண்டாவது சோதனைக்கான காசும் காத்திருக்கும் வாரங்களும். உள்ளே மண் போய்க்கொண்டிருக்கும் எஞ்சினில் காத்திருப்பது நட்டம்தான். அதனால் மண் தூசியைக் காட்டும் சிலிக்கன் அளவைப் பார்க்காமல் இந்த வழியை எடுக்கக்கூடாது.

2. காற்று வரும் வழியைச் சரிசெய்வது

வன்னியில் ஓடும் பைக் என்றால் என் விரல் முதலில் சிலிக்கன் வரியில்தான் போகும். ஏ-9 கார்ப்பெற் ரோட்டில் மட்டும் ஓடுகிறவர் குறைவு. மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ உள்வீதியில் இறங்கினால் கிரவல்தான். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் இரண்டு கிலோமீற்றர் போனால் சேட்டு நிறம் மாறிவிடும். அதே தூசியைத்தான் எஞ்சினும் இழுக்கிறது. மணலில் இருக்கும் படிகக்கல் உருக்கைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்) நடுவில் போனால் அரைத்துக்கொண்டே இருக்கும்.

அறிக்கையில் இது எப்படித் தெரியும்? சிலிக்கன் தனியாக ஏறாது. அதோடு அலுமினியம், இரும்பு, குரோமியம் மூன்றும் சேர்ந்து ஏறும். பிஸ்டன், போர், ரிங் எல்லாம் தேய்வதன் அடையாளம் அது. அண்மையில் சைட் கவரைக் கழற்றி, கசிவை அடைக்கும் கம் பூசி மூட்டியிருந்தால் கம்மில் இருந்தும் சிலிக்கன் கரைந்து வரும். ஆனால் அப்போது மற்ற மூன்றும் பழைய இடத்திலேயே நிற்கும், அடுத்த ஒன்றிரண்டு ஒயிலில் சிலிக்கனும் இறங்கிவிடும். நுரை வராமல் இருக்கச் சேர்க்கும் மருந்தால் புது ஒயிலிலேயே சில பிபிஎம் இருப்பதும் வழமை.

இன்னொன்று நம்முடைய மண்ணுக்கே உரியது. செம்மண்ணிலும் கிரவலிலும் இரும்பு, அலுமினிய ஒக்சைட்டுகள் உண்டு. தூசி உள்ளே போனால் அறிக்கையில் ஏறும் இரும்பில் ஒரு பங்கு ரோட்டில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். சிலிக்கன் உயர்ந்திருக்கும்வரை இரும்பு எண்ணை வைத்து எஞ்சினுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வேலை சின்னதுதான். எயார் பில்டர் பெட்டியில் இருந்து காபரேற்றருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மை தெரிந்தால் பில்டரைத் தாண்டித் தூசி வந்திருக்கிறது. ரப்பர் வெடித்திருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் பில்டரின் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காரவில்லை. விளிம்பில் மெல்லிதாகக் கிறீஸ் பூசினால் அந்தக் கடைசிப் பிழை பெரும்பாலும் தீரும். பஞ்சு பில்டர் என்றால் கழுவிக் காயவைத்து, ஒயில் தொட்டுப் பிழிந்து போட வேண்டும். காய்ந்த பஞ்சு நுண்தூசியை மறிக்காது. காகித பில்டரை கராஜில் கொம்பிரசர் வைத்து ஊதுவார்கள். அழுத்தம் கூடினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அப்புறம் சுத்தமான பில்டர் தூசியை நேராக உள்ளே விடும். எண்ணெய் பூசி வரும் காகித வகையை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இந்த வழியின் மறைசெலவு என்று பார்த்தால் வறண்ட காலத்தில் பில்டரை அடிக்கடி வாங்குவதுதான். பைக் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது, பிழைத்தாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை. சிலிக்கன் உயர்ந்த எந்த அறிக்கைக்கும் முதல் வேலை இதுதான் என்பது என் பிடிவாதமான கருத்து.

3. இடைவெளியைக் குறைப்பது

பலர் யோசிக்காமல் எடுக்கும் முடிவு இது, கேட்கவும் நன்றாக இருக்கும். காரநிலை எண் (அமிலத்தைச் சமாளிக்க ஒயிலில் மிஞ்சியிருக்கும் சக்தி) புது ஒயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், ஒயில் பழுதாவதைக் காட்டும் ஒக்சியேற்ற எண் ஏறியிருந்தால், ஒயில் தடித்திருந்தால் இது சரியான முடிவு. சந்தைக்கும் வீட்டுக்கும் என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டம் மட்டும் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடாகாமலே நிற்கும் பைக்குக்கும் பொருந்தும். அந்த ஒயிலில் ஈரமும் பெற்றோலும் தங்கிவிடும்.

ஆனால் தூசிப் பிரச்சினையில் இது எண்ணை மட்டும் குறைக்கும். பாதித் தூரத்தில் ஒயிலை மாற்றினால் சிலிக்கன் பாதியாகத் தெரியும், உள்ளே போகும் மண் அப்படியேதான் போகும்.

பில்லில் வராத செலவு இதில் இரண்டு. அடிக்கடி கழற்றிப் பூட்டும் அலுமினியப் பெட்டியில் போல்ட்டின் மரை சீக்கிரம் போய்விடும். நீட்டுப் பிடி ஸ்பானர் வைத்து இறுக்குகிற கையில் ஒருநாள் அது சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு கடைச்சல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட்டு அளவாக இறுக்கினால் இது வராது. மற்றது கழிவு ஒயில். வேலிக் கட்டைக்குக் கறையான் ஏறாமல் பூசுவது நம் ஊர் வழக்கம், ஆனால் அதற்கு மிஞ்சுவது எங்கே போகிறது? கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊரில் மரத்தடியில் ஊற்றுவது பெரிய பிழை. சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்த கதையை வடக்கில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

4. ஒயிலின் வகையை மாற்றுவது

கடைக்காரர் மிகவும் விரும்பும் முடிவு. ஒயிலின் தடிப்பைச் சொல்லும் பாகுத்தன்மை வரியைப் பார்க்காமல் இதைத் தொடவேண்டாம். 100 பாகை செல்சியஸில் 50 தர ஒயில் 16.3 முதல் 21.9 சென்ரிஸ்ரோக்ஸுக்குள் (பாகுத்தன்மையின் அலகு) இருக்க வேண்டும். 40 தரம் என்றால் 12.5 முதல் 16.3 வரை. நீங்கள் ஊற்றியது 20டபிள்யூ-50 என்ற 50 தர ஒயில், அறிக்கையில் 14 என்று வந்தால் ஒயில் ஒரு தரம் மெலிந்துவிட்டது.

மெலிவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. கியர்பற்கள் ஒயிலில் இருக்கும் நீண்ட மூலக்கூறுகளை வெட்டிவிடுவது ஒன்று, எரிபொருள் கலப்பது மற்றது. அதனால் எரிபொருள் வரியையும் தீப்பற்று வெப்பநிலையையும் பாருங்கள். எரிபொருள் இரண்டு சதவீதத்தைத் தாண்டி, தீப்பற்று வெப்பநிலை இறங்கியிருந்தால் பிழை காபரேற்றரில்: சோக் முழுதாகத் திரும்பவில்லை, இல்லாவிட்டால் ஊசி வால்வ் கசிகிறது. ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறியிருப்பதும் பெற்றோல் மணப்பதும் இதற்குத் துணைச் சாட்சி. என்ன விலை கொடுத்து வாங்கிய ஒயிலையும் அது கெடுத்துவிடும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் கொஞ்சம் காட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெற்றோலில் ஒரு பகுதி நீண்ட ஓட்டத்தின் சூட்டில் ஆவியாகிப் போகும். மண்ணெண்ணெய் பாரமானது, ஒயிலிலேயே தங்கும்.

எரிபொருள் இல்லை, ஆனாலும் மெலிந்திருக்கிறது என்றால் மட்டும் வகை மாற்றுவதில் பொருள் உண்டு. வெட்டுப்படாமல் தாக்குப்பிடிக்கும் நல்ல ஒயில் எடுங்கள். ஒயிலில் நனைந்த கிளச் உள்ள பைக்குக்கு ஜாசோ (ஜப்பானிய ஒயில் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போத்தலில் இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு உரியது. உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ந்த கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும்.

போலி ஒயில் சந்தேகத்துக்கும் அறிக்கையில் பதில் உண்டு. ஜாசோ தரத்தில் பொஸ்பரஸ் 800 முதல் 1,200 பிபிஎம் வரை இருக்க வேண்டும். உங்களுடையதில் அதில் பாதிகூட இல்லையென்றால் வாங்கின கடையை யோசியுங்கள்.

மறைசெலவு என்னவென்றால், வகை மாறியதும் பழைய அறிக்கைகளோடு ஒப்பிட முடியாமல் போகும். புது ஒயிலின் மருந்துகள் பழைய படிவைக் கரைத்து எண்களைக் கொஞ்ச நாள் குழப்பும். விலை கூடிய சிந்தெற்றிக்கை ஊற்றிவிட்டு, "கொடுத்த காசுக்கு ஓடட்டும்" என்று நீட்டி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். தூசி நிறைந்த ரோட்டில் அதுதான் எல்லாவற்றிலும் மோசமான சேர்க்கை. சிந்தெற்றிக் மண்ணை வடிக்காது.

5. எஞ்சினைப் பிரிப்பது

ஒரு தாளை நம்பி இதைச் செய்யவேண்டாம். சிலிக்கன் அடங்கியிருக்க, இரும்பும் குரோமியமும் அலுமினியமும் இரண்டு மூன்று அறிக்கைகளில் ஆயிரம் கிலோமீற்றர்க் கணக்கில் ஏறிக்கொண்டே போக வேண்டும். அதோடு வெளியே ஒரு சாட்சியாவது வேண்டும்: நீலப் புகை, ஒயில் குறைவது, கொம்பிரசன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) விழுந்திருப்பது, உள்ளே தட்டுகிற சத்தம். போல்ட்டில் செதில் வந்தால் மட்டும் அறிக்கைக்காகக் காத்திராமல் நிறுத்துங்கள்.

ஈயம், வெள்ளீயம் என்ற வரிகளில் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஏனென்றால் சிறிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களின் கிராங்கில் இருப்பது குண்டு, உருளை பெயரிங்குகள், காரில் போல ஈயம், வெள்ளீயம் கலந்த பெயரிங்குகள் அல்ல. காற்றால் குளிரும் எஞ்சினில் கூலன்ற் (குளிர்விக்கும் திரவம்) இல்லை, ஆகவே கூலன்றில் இருந்து வரும் சோடியம் ஏறியதும் ஹெட் கஸ்கெற் போய்விட்டது என்ற கார்க் கணக்கும் இங்கே செல்லாது.

காசு பிஸ்டனோடும் ரிங்கோடும் நிற்காது. கஸ்கெற் செற், போர் அடிக்கும் கூலி, வால்வ் சீல், பாகம் தேடி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வரும் செலவு எல்லாம் பின்னால் வரும். ரோட்டோரக் கராஜில் திறந்து வைத்த எஞ்சினுக்குள் விழும் தூசிக்கு யாரும் பில் போடுவதில்லை. பிரித்துப் பூட்டிய பிறகு எண்கள் மறுபடி உயர்ந்தே தொடங்கும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எந்த அறிக்கைக்கு | மறைசெலவு | பைக் நிற்கும் காலம் | பிழைத்தால் |
|---|---|---|---|---|
| காத்திருப்பது | முதல் அறிக்கை, புது எஞ்சின், சிலிக்கன் குறைவு | இரண்டாவது சோதனை, வாரங்கள் | இல்லை | தூசி இருந்தால் தேய்மானம் |
| காற்று வழி | சிலிக்கனோடு அலுமினியம், இரும்பு, குரோமியம் | அடிக்கடி பில்டர் | ஒரு மணித்தியாலத்துக்குள் | நட்டமில்லை |
| இடைவெளி குறைப்பு | காரநிலை இறக்கம், தடித்த ஒயில், குறுகிய ஓட்டம் | மரை, வாஷர், கழிவு ஒயில் | இல்லை | சில லீற்றர் ஒயில் |
| வகை மாற்றம் | எரிபொருள் கலக்காமல் மெலிந்த ஒயில் | ஒப்பீடு அறுந்துபோகும் | இல்லை | கிளச் வழுக்கலாம் |
| பிரிப்பது | பல அறிக்கைகளில் ஏற்றம், வெளிச் சாட்சி, செதில் | கஸ்கெற், போர், அலைச்சல் | நாள்கள், சிலவேளை வாரங்கள் | திரும்ப வழியில்லை |

ஒரு தாளை வைத்துப் பார்ப்போம்

கணக்குக்காக ஒன்று எழுதுகிறேன். காற்றால் குளிரும் 150 சிசி, 20டபிள்யூ-50 ஒயில், 2,500 கிலோமீற்றர், பாதி ஓட்டம் கிரவலில். இரும்பு 70, அலுமினியம் 22, குரோமியம் 4, சிலிக்கன் 58, பாகுத்தன்மை 15.1, எரிபொருள் அரை சதவீதத்துக்குக் கீழே, தண்ணீர் இல்லை, பொஸ்பரஸ் 950. இரும்பைப் பார்த்தவர் பிரிப்போம் என்பார். பாகுத்தன்மையைப் பார்த்தவர் சிந்தெற்றிக் என்பார்.

நான் என்றால் ரப்பர் குழாயைத் துடைத்துப் பார்ப்பேன், பில்டரை மாற்றுவேன். எரிபொருள் இல்லாததால் ஒயில் மெலிந்தது கியரால் என்று எடுத்துக்கொண்டு, அதே வகை ஒயிலையே ஊற்றி, அதை 1,500 கிலோமீற்றரில் மாற்றுவேன். அதன் மாதிரியில் சிலிக்கனும் இரும்பும் ஆயிரம் கிலோமீற்றர்க் கணக்கில் இறங்கினால் வேலை முடிந்தது. சிலிக்கன் மட்டும் இறங்கி இரும்பு இறங்காவிட்டால் அப்போது கொம்பிரசன் பார்ப்பேன். பாகுத்தன்மை 1,500இலேயே மறுபடி 15க்கு வந்தால் வகை மாற்றம் பற்றி யோசிப்பேன்.

மாரியில் வெள்ளத்துக்குள் மாட்டிய பைக்குக்கு இந்த யோசனை எதுவும் வேண்டாம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த 2018 மார்கழி வெள்ளம் மாதிரி ஒன்றில் முழுகிய எஞ்சினின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருக்கும். ஸ்டார்ட் செய்யாமல் ஒயிலைக் கழற்றி, புதிது ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் கழற்றிவிடுங்கள். மாதிரி எடுப்பதென்றால் அதற்கு அடுத்த ஒயிலில் எடுக்கலாம்.

மாதிரி எடுக்கும்போது எஞ்சின் சூடாக இருக்கட்டும். முதலில் கொட்டுவதையும் கடைசியில் சொட்டுவதையும் விட்டு, நடுவில் ஓடும் ஒயிலைக் காய்ந்த, சுத்தமான போத்தலில் பிடியுங்கள். போல்ட்டைச் சுற்றியிருக்கும் செம்மண்ணை முதலே துடைக்காவிட்டால் சிலிக்கன் எண் அங்கேயே பிழைத்துவிடும். போத்தலில் ஒயிலின் பெயரும் தரமும், அந்த ஒயில் ஓடிய தூரம், பைக்கின் மொத்தத் தூரம், இடையில் ஊற்றி நிரப்பிய அளவு, கடைசியாகக் கம் பூசிய மாதம் எல்லாம் எழுதுங்கள். புது ஒயிலிலும் கொஞ்சம் எடுத்து ஒருமுறை சேர்த்து அனுப்பினால் ஒப்பிட அடி எண் கிடைக்கும். பார்சலில் ஒயில் இருக்கிறது என்று தபால் கந்தோரில் முன்பே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.